பார்சலில் ஒரு கரித்துண்டு

எனக்குக் கோவம் மூக்கு நுனியில உக்காந்திருக்கும். இதை முதல்லயே சொல்லிடுறேன், பின்னாடி யாரும் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது. எங்க வீட்டுக்காரர் கடலுக்குப் போறவர். நாளைக்குக் காத்து எந்தப் பக்கம் திரும்பும்னு இன்னிக்கே சொல்லிடுவார். நான் எந்தப் பக்கம் திரும்புவேன்னு மட்டும் இத்தனை வருசத்துல அவரால சொல்ல முடிஞ்சதில்ல. அப்படிப்பட்ட நான் ஆறு மாசம் வாயைக் கட்டிக்கிட்டு, முன்னப் பின்ன பார்க்காத மனுசங்க போடுற ஸ்டாருக்காக ஒத்தக் கால்ல நின்னேன். என் புள்ள வீட்டுக்கு வரணும், அதுக்குத்தான். வேற எதுக்கும் இல்ல.

எங்களுக்கு ஒரே பையன். காரைக்கால் பக்கம் எந்தத் தெருவுல நின்னு விசாரிச்சாலும் பிரான்சுல சொந்தக்காரங்க இருக்குற வீடு ரெண்டாவது தேறும். எங்க பட்டினச்சேரியில, எங்க குடும்பத்துல, அப்படி யாரும் கிடையாது. இவன்தான் முதல்ல போனான், படிக்கன்னு. போயி அஞ்சு வருசம் ஆச்சு. படிப்பு முடிஞ்சிருச்சுன்னான், வேலை கிடைச்சிருச்சுன்னான். என்ன வேலைடான்னு கேட்டா, "சாப்பாட்டுக் கம்பெனியிலம்மா"ன்னான். நான் தெரு முழுக்க ஓட்டல் மேனேஜர்னு சொல்லி வச்சேன். டை கட்டிக்கிட்டு ஏசி ரூம்ல உக்காந்து யாருக்கு எத்தனை இட்லின்னு உத்தரவு போடுறான்னு நானே மனசுக்குள்ள படம் ஓட்டிக்கிட்டேன். அங்க எவன் இட்லி தின்னான்?

ஒரு மார்கழி மாசம் வீடியோ கால்ல வந்தான். வாயில புகை புகையா வருது, அப்படிக் குளிர். தலையில ஹெல்மெட். முதுகுக்குப் பின்னாடி சதுரமா ஒரு பெட்டி எட்டிப் பார்க்குது. கழட்டி வச்சிட்டுப் பேசணும்னு மறந்துட்டான் பாவி.

"என்னடா அது முதுகுல?"

தோளைத் திருப்பி அதை மறைக்கப் பார்த்தான். அப்புறம், "சோறும்மா. அடுத்தவங்க சோறு. கடையில வாங்கி வீட்டுல கொண்டு போயி கொடுக்குறேன். சைக்கிள்ல"ன்னான்.

பெத்தவளுக்கு அந்த நேரத்துல வெட்கம்தானே வரணும்? மேனேஜர்னு சொல்லி வச்சவ நான். ஆனா எனக்கு வந்தது பயம்.

"மீன் கறியெல்லாமாடா தூக்கிட்டுப் போற?"

"எல்லாம்தாம்மா."

"பொழுது சாஞ்சப்புறமா?"

"இங்க இப்ப அஞ்சு மணிக்கே இருட்டிரும்."

"மேல கரி வைக்கிறாங்களா?"

அவன் சிரிச்சான் பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு. எனக்கு ஃபோனைத் தூக்கிக் கடல்ல வீசலாமான்னு இருந்துச்சு.

எங்க பக்கம் மீனோ கறியோ சமைச்சதை விளக்கு வச்சப்புறம் வெளிய எடுத்துட்டுப் போனா, மேல ஒரு அடுப்புக்கரித் துண்டு வைக்காம அனுப்ப மாட்டோம். நாலு வீடு தள்ளி ஒரு கிண்ணம் குழம்பு கொடுக்கப் போனாலும் கரி உண்டு. உச்சி வேளைக்கும் அதே கணக்குத்தான். வாசனைக்குப் பின்னாடியே ஏதாவது வந்துரும்னு பயம். அது என்னான்னு பேர் சொல்ல மாட்டோம், சொன்னா அதுவே கூப்பிட்ட மாதிரி ஆயிரும். என் புள்ள என்னடான்னா தேசம் தெரியாத தேசத்துல, இருட்டுல, மத்தவங்க கறியையெல்லாம் முதுகுல கட்டிக்கிட்டு ஒத்தையில சுத்துறான். ஒரு பிடி கரி இல்ல, ஒரு இரும்பு ஆணி இல்ல.

அன்னையிலேர்ந்து தினமும் ஒரே பாட்டுத்தான். வந்துருடா. எப்ப வர்ற? ஓடுனது போதும், வந்துருடா. அவனும் தை கழியட்டும், பங்குனி கழியட்டும்னு சொல்லிக்கிட்டே இருந்தான். கேட்டுக் கேட்டு அவனுக்கு நாக்குத் தள்ளிப்போச்சு போல. ஆனி மாசம் ஒரு நாள் புதுசா ஒண்ணை எடுத்து விட்டான்.

"ம்மா, நீயே சமைச்சு ஆப்ல வித்தா என்ன? இப்ப உலகம் பூரா இதுதான். இங்க என்கூட ஓடுறவன்ல அல்ஜீரியாக்காரன் இருக்கான், வங்காளதேசத்துக்காரன் இருக்கான், யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருத்தர் இருக்காரு. இந்த ஊர்ல எவன் வீட்டுலயும் அடுப்பு எரியறதில்லம்மா, எல்லாம் ஆர்டர்தான். நம்ம ஊர்லயும் வந்துருச்சு."

"மீனை வித்திருக்கேன்டா. சோத்தை விக்கச் சொல்றியா?"

"மீன் குழம்பை வி. நீ வைக்கிற குழம்புக்கு ஊரே வரும். கடை நல்லா நின்னுச்சுன்னா நானே வந்து பார்த்துக்குறேன்."

"வருவியா?"

"ஆறு மாசம். ஸ்டாரு நாலுக்குக் கீழ இறங்காம ஆறு மாசம் ஓட்டிக் காட்டு. பெட்டியைக் கட்டிர்றேன்."

விளையாட்டுக்குச் சொன்னான்னு இப்பத் தெரியுது. அப்ப நான் கோயில்ல சூடம் அணைச்சுச் சொன்ன மாதிரி எடுத்துக்கிட்டேன். ஆபீசுக்குப் போயி பதிவு பண்ணி, சமையக்கட்டைப் படம் பிடிச்சு அனுப்பி, ஆடி மாசம் கடையைத் தொறந்தாச்சு. கடைன்னா எங்க கொல்லைதான். சவுக்கு விறகு அடுப்பு, மண்சட்டி, ஒரு மேசை, என் ஃபோன். ஆப்பை அவன் அங்கேருந்தே தமிழ்ல மாத்திக் கொடுத்தான். வீட்டுக்காரர் விடிய வந்தா, ஏலத்துக்குப் போறதுக்கு முன்னாடி நல்ல சங்கராவா நாலு எனக்கு எடுத்து வைப்பார்.

முதல் ஆர்டர் வந்தப்ப ஃபோன் அடிச்ச அடியில நான் கரண்டியைக் கீழ போட்டுட்டேன். நிக்காம அடிக்குது சனியன். அதை அமுக்கி, சங்கரா குழம்பும் நெத்திலி வறுவலும் கட்டினேன். டெலிவரிக்கு வந்தவர் பக்கத்து ஊரு போலகத்துக்காரர். நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், மீசையில பாதி நரை. நெல்லு அறுக்குற மெஷின் ஓட்டுறவராம். அறுவடை இல்லாத மாசத்துல இந்த வேலையாம். என்னை அக்கான்னார், நான் தம்பின்னேன். முடிஞ்சுது. இந்தப் பக்கம் ஓடுறது அவர் ஒருத்தர்தான்ங்குறதால தினமும் அவர்தான் வருவார்.

பார்சலை அவர்கிட்ட நீட்டும்போது மணி ஆறரை. வெளிய மங்கிக்கிட்டு வருது. கை தானா அடுப்புப் பக்கம் போச்சு. அணைஞ்ச கொள்ளியிலேர்ந்து சுண்டு விரல் அளவுக்கு ஒரு கரியை உடைச்சு, சோத்துக்கு மேல விரிச்ச வாழை இலைத் துண்டு மேல வச்சு மூடினேன். யோசிச்செல்லாம் வைக்கலை. யாராவது செருப்புப் போடும்போது யோசிப்பாங்களா? அப்படித்தான்.

அந்த ஆடியும் ஆவணியும் எனக்குக் கனாவுல நடந்த மாதிரி இருக்கு. சாயங்காலம் ஆர்டரெல்லாம் அனுப்பி முடிச்சிட்டு, கொல்லைப் படியில உக்காந்து ரெண்டு ஃபோனைப் பக்கத்துல பக்கத்துல வச்சுக்குவேன். ஒண்ணு என்னோடது. அதுல போலகத்துத் தம்பியோட வண்டி புள்ளியா நகரும், பட்டினச்சேரியிலேர்ந்து கிளம்பி, திருமலைராயன்பட்டினம் தாண்டி, அரசலாத்துப் பாலத்து மேல ஏறி, டவுனுக்குள்ள நுழையும். இன்னொண்ணு வீட்டுக்காரரோடது. அதுல என் புள்ள. எங்கிருக்கான்னு காட்டுற மாதிரி அவனே பண்ணிக் கொடுத்திருந்தான், என் தொல்லை தாங்காம. எங்களுக்கு விளக்கு வைக்கிற நேரம் அவனுக்கு மத்தியானச் சாப்பாட்டு ஓட்டம். அங்கயும் ஒரு ஆறு ஓடுது. அங்கயும் பாலம். தெருப் பேரெல்லாம் இங்கிலீசு எழுத்துல இருக்கும், எழுத்துக் கூட்டிப் படிச்சாலும் வாயில நுழையாது. ஒரு வீட்டு முன்னாடி அவன் புள்ளி நிக்கும். மாடிப்படி ஏறுறான்னு நினைச்சுக்குவேன். எத்தனாவது மாடியோ. கதவைத் தொறக்குறவங்க சிரிச்சாங்களோ, முறைச்சாங்களோ. புள்ளி மறுபடி நகரும்போதுதான் நான் மூச்சு விடுவேன்.

கடல் சத்தம் பின்னாடி கேட்டுக்கிட்டே இருக்கும். விறகுப் புகை கண்ணைக் கரிக்கும். ஒரு நாள் உக்காந்தபடியே கண்ணசந்துட்டேன். ரெண்டு ஆறும் ஒண்ணாயிருச்சு. பாலத்துல இந்தப் பக்கம் போலகத்துத் தம்பி வர்றார், அந்தப் பக்கம் என் புள்ள சைக்கிள்ல வர்றான். நடுப் பாலத்துல ரெண்டு பேரும் காலை ஊனி நின்னு, ஒருத்தரை ஒருத்தர் அட்ரஸ் கேக்குறாங்க. தண்ணி கீழ பளபளன்னு ஓடுது. "இந்த வீடு எங்கங்க இருக்கு?"ன்னு என் புள்ள கேக்குறான், அவர் கையை நீட்டிக் காட்டுறார். எந்தப் பக்கம் காட்டுறார்னு பாக்குறதுக்குள்ள வீட்டுக்காரர் வந்து, "குழம்பு அடிப்பிடிக்குது புள்ள"ன்னு எழுப்பிட்டார். அன்னிக்கு அவருக்கு விழுந்த திட்டு கொஞ்சமில்ல.

நான் அவன்கிட்ட ஃபோன்ல கேக்காத கேள்வி கிடையாது. இன்னிக்கு என்னடா கொண்டு போன? ரொட்டிக்குள்ள கறி வச்சதும்மா. இன்னிக்கு? சோத்து மேல பச்சை மீனை வச்சுச் சுருட்டினதும்மா. பச்சை மீனா? வேக வைக்கலையா? வைக்கலை. அடக் கண்றாவியே! அன்னிக்குப் பூரா எனக்கு இதே யோசனை. சமைக்காத மீனுக்குக் கரி வைக்கணுமா, வேணாமா? வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன். அவர் வலையைப் பின்னிக்கிட்டே நல்லா யோசிச்சு, "நம்ம படகுல வர்றதும் பச்சை மீனுதானே, அதுக்கு நம்ம வைக்கிறதில்லையே"ன்னார். எனக்கு அரை மனசுதான் ஆறுச்சு.

ஸ்டாரு நாலு புள்ளி அஞ்சுல நின்னுச்சு. நான் தெருவுல நடக்கும்போது தலை கொஞ்சம் நிமிந்துதான் இருந்துச்சு. அப்புறம் புரட்டாசியில நாலு புள்ளி மூணு ஆச்சு. புரட்டாசிக்கு மீன் சாப்பிட மாட்டாங்க, அதான்னு சமாதானம் பண்ணிக்கிட்டேன். ஐப்பசி மழை புடிச்சப்ப நாலு புள்ளி ஒண்ணு. எனக்குச் சோறு இறங்கலை. புளி மாத்திப் பார்த்தேன், மொளகாத் தூளை நானே மறுபடி அரைச்சேன், ரெண்டு துண்டு மீன் கூடவே போட்டேன். ம்ஹூம். கண்ணு பட்டிருச்சுன்னு பூசணிக்கா உடைச்சேன். கொல்லையில கம்பி மேல உக்காந்திருந்த காக்காவைக்கூட சந்தேகப்பட்டேன்.

என் புள்ளதான் கண்டுபிடிச்சான். சாப்பிட்டவங்க எழுதுறதையெல்லாம் அங்கேருந்து படிச்சிட்டுக் கூப்பிட்டான்.

"ம்மா. பார்சல்ல கரி வைக்கிறியா?"

"வைக்காம?"

"ஐயோ அம்மா!"

படிச்சுக் காட்டினான். 'குழம்பு அருமை, ஆனா உள்ள கரி கிடக்குது, சுத்தமே இல்லை.' ஒரு ஸ்டாரு. 'மீன் நல்லா இருக்கு, அடுப்பைக் கூட்டி உள்ள போட்டிருக்காங்க.' ஒரு ஸ்டாரு, போட்டோவோட. வடக்கேருந்து வேலைக்கு வந்தவர் யாரோ ஒருத்தர், குழம்புல ஊறிக் கிடந்ததை எடுத்து மென்னே தின்னிருக்கார். தின்னுட்டு, 'இது என்ன மசாலா? ரொம்பக் கடினமாக இருக்கிறது'ன்னு கேட்டிருக்கார். அந்த மனுசன் மட்டும் மூணு ஸ்டாரு போட்டிருந்தார், நல்லா இருக்கட்டும். உள்ளூர்க்காரங்களுக்குக் கரி எதுக்குன்னு தெரியும், எடுத்துப் போட்டுட்டுச் சாப்பிட்டிருக்காங்க. வெளியூர்லேர்ந்து படிக்கவும் வேலைக்கும் வந்தவங்களுக்கு எங்கேர்ந்து தெரியும்? இலை மேல நான் பதமா வச்சது வண்டி குலுங்குன குலுங்கல்ல குழம்புக்குள்ள போயி விழுந்திருக்கு.

"நிறுத்திரும்மா"ன்னான்.

"முடியாதுடா. ஆத்துப் பாலத்து மேல, மசங்கல்ல, மீன் குழம்போட ஒரு மனுசன் போறார். எப்படிடா வெறுமனே அனுப்புவேன்?"

"அப்ப ஸ்டாரு போயிரும்."

ஃபோனை வச்சிட்டான். நான் தாம்தூம்னு குதிச்சேன். கரி தெரியாதவனெல்லாம் எதுக்கு மீன் திங்கிறான்னு கத்தினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு வீட்டுக்காரர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். "இப்ப உனக்கு எது வேணும்?" எனக்கு என்ன வேணும்னு அவருக்குத் தெரியாதா? என் புள்ள வேணும். அன்னிக்குச் சாயங்காலம் மூணு பார்சல் போச்சு. மூணுலயும் கரி வைக்கலை. கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நின்னேன்.

நாலாவது நாள் நல்ல மழை. என் ஃபோன்ல தம்பியோட புள்ளி அரசலாத்துப் பாலத்துக்குப் போச்சு. போனது அங்கயே நின்னுருச்சு. சிக்னல் சரியில்லைன்னு நினைச்சேன். அஞ்சு நிமிசம். பத்து நிமிசம். கூப்பிட்டா எடுக்கலை. கால் மணி நேரம் கழிச்சு அவரே கூப்பிட்டார். "ஒண்ணுமில்லக்கா, வண்டி சறுக்கிருச்சு. குழம்புதான் ரோட்டோட போச்சு."

மறுநாள் வந்தார். முழங்கையில கட்டு, கன்னத்துல சிராய்ப்பு. என்னால அவர் முகத்தைப் பார்க்க முடியலை.

"தம்பி, நான் ஒண்ணு சொல்றேன், திட்டுறதா இருந்தா திட்டிருங்க. நாலு நாளா நான் கரி வைக்கலை."

அவர் வண்டியைச் சாய்ச்சு நிறுத்திட்டு என்னைப் பார்த்தார். "நாய் குறுக்க வந்துச்சுக்கா"ன்னார். "கறுப்பு நாயி, மழையில தெரியலை. அவ்வளவுதான்."

"ஆமா, ஆமா. நாய்தான்."

"நாய்தான்க்கா."

பார்சலை எடுத்துப் பெட்டியில வச்சு மூடினார். ஹெல்மெட்டைப் போட்டார். வண்டியில ஏறாம நின்னார். அப்புறம் மெதுவா, "ஆனாலும் வைங்கக்கா"ன்னார். "சோத்துல வேணாம், அவுங்களுக்குப் புரியாது. எங்கிட்ட கொடுங்க. தூக்கிட்டுப் போறது நான்தானே?" உள்ளங்கையை நீட்டினார்.

எனக்கு எங்கேர்ந்துதான் அழுகை வந்துச்சோ. சோத்துக்கு எதுவும் ஆயிடும்னு யாரு கரி வச்சா? தூக்கிட்டுப் போறவனுக்குத்தானே. மூணு மாசமா இது என் மண்டையில ஏறலையே! அடுப்புலேர்ந்து நல்ல துண்டா ஒண்ணு எடுத்து அவர் கையில வச்சேன். சட்டைப் பைக்குள்ள போட்டுக்கிட்டுப் போனார். அன்னையிலேர்ந்து அப்படித்தான். அவர் சட்டைப் பையெல்லாம் கறுப்பாயி, அவர் சம்சாரம் என்னைத் துவைக்கக் கூப்பிடுறதா ஒரு நாள் சொல்லிட்டுச் சிரிச்சார்.

கார்த்திகையில ஸ்டாரு நாலுக்கு வந்து தொட்டுச்சு. தொட்டுச்சு, அவ்வளவுதான். கீழ இறங்கலை. "தொட்டா அவுட்டா?"ன்னு என் புள்ளகிட்ட கேட்டேன். "இல்லம்மா, இறங்கலைல்ல"ன்னான். குரல்ல சந்தோசம் இருந்துச்சா இல்லையான்னு அப்ப நான் கவனிக்கலை. மார்கழியில ஏற ஆரம்பிச்சுது. நாலு புள்ளி ரெண்டு. நாலு புள்ளி மூணு. அந்த வடக்கத்தியார் மறுபடி ஆர்டர் போட்டு, 'அந்த மசாலாவை ஏன் நிறுத்திவிட்டீர்கள்?'னு கேட்டிருந்தார்.

பொங்கல் கழிஞ்ச மறுவாரம் ஆறு மாசம் முடிஞ்சுது. நாலு புள்ளி நாலு. நான் அவன் கட்டிலைக் கொல்லையில தூக்கிப் போட்டுக் காய வச்சேன். தலகாணிக்குப் புது உறை தைச்சேன். மீன் ஏலத்துல நிக்கிற அத்தனை பொம்பளைங்ககிட்டயும் என் மவன் வர்றான்னு சொன்னேன். அவனைக் கூப்பிட்டா ஃபோனை எடுக்கலை. மறுநாளும் எடுக்கலை. வீட்டுக்காரர் ஃபோன்ல அவன் புள்ளியும் காணோம். சரி, வேலையா இருப்பான்னு விட்டேன்.

அன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஆர்டர் அடிச்சுது. சங்கரா குழம்பு, சோறு, நெத்திலி வறுவல். பேரைப் பார்த்தேன். என் புள்ள பேரு. இந்தப் பேருல ஊர்ல ஆயிரம் பேரு இருப்பான், ஆனா கீழ ஒரு வரி எழுதியிருந்துச்சு: 'கரி மறக்காம வைங்க.'

வந்துட்டான். எனக்குச் சட்டுன்னு எல்லாம் புரிஞ்சுபோச்சு. ஏரோப்ளேன்ல இருந்தா எப்படி ஃபோன் எடுப்பான்? புள்ளி எப்படித் தெரியும்? ஊருக்குள்ள வந்து எங்கயோ உக்காந்துக்கிட்டு அம்மாகிட்டயே விளையாடுறான், குறும்பு பிடிச்சவன். மீன்ல நடுத்துண்டாப் பார்த்துப் போட்டேன். நெத்திலியை மொறுமொறுன்னு வறுத்தேன். கரியை இந்தத் தடவை சோத்து மேலயே, இலையில வச்சுக் கட்டினேன். தெரிஞ்ச புள்ளதானே திங்கப் போறான்.

போலகத்துத் தம்பி வந்தார்.

"தம்பி, எந்த அட்ரஸ்? டவுன்ல லாட்ஜா? பஸ் ஸ்டாண்டா?"

ஃபோனைப் பார்த்தார். தள்ளிப் பிடிச்சு மறுபடி பார்த்தார்.

"இந்த வீடுதான்க்கா."

அப்ப வீட்டுக்கே வந்துக்கிட்டு இருக்கான்! செருப்புகூட போடலை, ஓடினேன். தெருமுனையில மினி பஸ் வந்து நின்னுச்சு. கூடையோட நாலு பொம்பளைங்க இறங்கினாங்க. பையோட ஒரு வாத்தியார் இறங்கினார். பஸ் போயிருச்சு. நான் நின்னேன். என் பின்னாடியே பார்சலைக் கையில பிடிச்சுக்கிட்டு, ஹெல்மெட்டோட தம்பி வந்து நின்னார். கடல் பக்கமிருந்து காத்து வருது, வானத்துல கொஞ்சமா சிவப்பு மிச்சம் இருந்துச்சு. அப்பத்தான் ஃபோன் அடிச்சுது.

"ம்மா, பார்சல் வந்துச்சா?"

"எங்கடா இருக்க? எந்த ஸ்டாப்புல நிக்கிற? அப்பாவை அனுப்பவா?"

அவனுக்குப் பின்னாடி வண்டிங்க போற சத்தம் கேட்டுச்சு. எங்க ஊர் வண்டிச் சத்தம் இல்ல அது.

"பாரிஸ்லதாம்மா இருக்கேன்."

அவனே பேசினான். படிப்பை முடிக்கலையாம். பேப்பரெல்லாம் காலாவதியாயி ரெண்டு வருசம் ஆச்சாம். புதுசுக்கு எழுதிப் போட்டிருக்கானாம், பதில் வர்ற வரைக்கும் அந்த நாட்டை விட்டு வெளிய காலை வைக்கக் கூடாதாம், வச்சா மறுபடி உள்ள விட மாட்டாங்களாம். பதில் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாதாம். ஓடுற வேலைகூட ஆப்ல இன்னொருத்தன் பேர்லதானாம்.

"அப்ப ஏன்டா ஆறு மாசம்னு சொன்ன?"

"நீ ஜெயிப்பேன்னு நான் நினைக்கலம்மா. உன் கோவத்துக்கு ஒரே வாரத்துல எவன்கிட்டயாவது சண்டை போட்டுக் கடையை மூடிருவேன்னு நினைச்சேன். மூடிட்டா, நான் வரலைன்னு உன்கிட்ட சொல்ல வேண்டியிருக்காதுன்னு... நீ விடவே இல்லையேம்மா."

எப்படி வலிச்சுது தெரியுமா? "படுபாவி, தோத்துப்போறதுக்கு நான் யாருன்னு நினைச்ச?"ன்னு தெருவுல நின்னு கத்தினேன். கூடைக்காரப் பொம்பளைங்க திரும்பிப் பார்த்தாங்க. பார்க்கட்டும். ரெண்டு நாளா ஃபோனை அமத்தி வச்சிட்டு அழுதானாம். அதையும் சொன்னான்.

"ஆறு மாசமா ஊருக்கெல்லாம் போட்ட. உனக்கு யாரும்மா போட்டா? அதான் அனுப்பினேன். சூடா இருக்கும்போதே சாப்பிடு"ன்னான். "அடுத்த ஆர்டர் அடிக்குதும்மா. போகணும்."

நான் வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். தம்பியும் கூடவே வந்தார். வாசப்படியில நான் ஏறினதும் அவர் கீழ நின்னு, ஹெல்மெட்டைக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு, ரெண்டு கையாலயும் பார்சலை நீட்டினார். "டெலிவரிக்கா"ன்னார். வாங்கிக்கிட்டேன்.

தட்டுல போட்டுச் சாப்பிட்டேன். வீட்டுக்காரருக்கும் பாதி வச்சேன். குழம்பு நல்லாத்தான் இருந்துச்சு, நாலு புள்ளி நாலு குறைச்சல்தான். இலை மேல கரி அப்படியே இருந்துச்சு, குழம்புல விழலை.

வீட்டுக்காரரோட ஃபோனைத் தரையில கிடத்தினேன். புள்ளி மறுபடி தெரிஞ்சுது. ஒரு தெருவுல மெதுவா ஊர்ந்துக்கிட்டு இருந்துச்சு. அந்தக் கரியை எடுத்து, துடைச்சு, புள்ளி மேல வச்சேன். புள்ளி நகர்ந்து வெளிய வந்துச்சு. நானும் கரியை நகர்த்தினேன்.

"கண்ணாடி கீறிப்போவும் புள்ள"ன்னார் வீட்டுக்காரர்.

"போவட்டும்"னேன்.

அவர் எதிர்ல வந்து குத்துக்கால் வச்சு உக்காந்தார். புள்ளி ஆத்தங்கரைக்கு வந்து பாலத்துல ஏறுச்சு. அது அந்தக் கரை சேர்ற வரைக்கும் நான் கையை எடுக்கலை.